1997 மாருதி 800: கார்புரேட்டரையே சரி பண்றதா, எம்பிஎஃப்ஐக்கு மாத்துறதா?

மலைவழி800

வணக்கம். வண்டி 1997 மாருதி 800. 796 சிசி, மூணு சிலிண்டர், நாலு கியர். கம்பெனி போட்ட மிக்குனி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்கிற பாகம்), பாயின்ட் வச்ச டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரிச்சு அனுப்புறது). இருக்கிறது கோயமுத்தூர்ல, வாரம் ஒரு தடவை கோத்தகிரி ஏறி இறங்கும்.

இப்ப இருக்கிற தொந்தரவு: காலையில சோக் இழுத்தாலும் மூணு, நாலு தடவை செல்ஃப் அடிக்கணும். ஆக்ஸிலரேட்டர் மிதிச்சதும் ஒரு நொடி திணறிட்டுத்தான் பிக்கப் வருது. மலையேத்தத்துல மூணாவது கியர் இழுக்கிறதே இல்ல. மைலேஜ் 11, 12 தான். புகைச் சோதனையில கார்பன் மோனாக்சைடு 4.2% காட்டுது.

ஒரு மெக்கானிக் புது கார்புரேட்டர் வாங்கி மாட்டச் சொல்றார். இன்னொருத்தர் எம்பிஎஃப்ஐக்கு, அதாவது கம்ப்யூட்டர் அளந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பீய்ச்சுற முறைக்கு, மாத்தச் சொல்றார். "பழைய எம்பிஎஃப்ஐ 800ல இருந்து மொத்த செட்டையும் கழட்டிப் போட்டுடலாம், அப்புறம் தொந்தரவே இருக்காது"ங்கிறார். கேள்வி மூணு. எம்பிஎஃப்ஐ மாத்துறது இந்த வண்டிக்கு ஞாயமான செலவா? மாத்தினா மலையில இழுவை கூடுமா? இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குக் கார்புரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடுற சின்னத் துளையை, மாத்தணுமா?

ஜெட்_நம்பர்

மாத்துறதைப் பத்தி அப்புறம் பேசலாங்க. நீங்க சொன்ன அஞ்சு தொந்தரவும் ஒரு நல்ல கார்புரேட்டர் 800ல இருக்கக் கூடாத தொந்தரவு. பாரத் ஸ்டேஜ் 2 மாசு விதிக்கு முந்தின பெட்ரோல் காருக்குப் புகை வரம்பு கார்பன் மோனாக்சைடு 3%, ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம். ஒழுங்கா டியூன் பண்ணின வண்டி ஐடிலிங்ல 1லிருந்து 2%க்குள்ள நிக்கும். 4.2% வருதுன்னா எங்கயோ ஒரு பாகம் கெட்டிருக்கு. அதைக் கண்டுபிடிக்காம எதை மாத்தினாலும் காசு வீண்.

புது கார்புரேட்டர்னு கடையில கிடைக்கிற டூப்ளிகேட்டை நம்பி இறங்காதீங்க. ஜெட் துளை ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது, த்ராட்டில் ஷாஃப்ட் புதுசுலயே ஆடும். பழைய ஒரிஜினல் பாடி வெடிக்காம, ஷாஃப்ட் ஆடாம இருந்தா அதைத்தான் காப்பாத்தணும்.

பார்க்கிற வரிசை முக்கியம். கார்புரேட்டர் கடைசி.

முதல்ல இக்னிஷன். பாயின்ட் இடைவெளி 0.4 – 0.5 மிமீ, ஃபீலர் கேஜ் வச்சு அளங்க. பாயின்ட்டோட ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், குறையக் குறைய டைமிங் (தீப்பொறி விழுற நேரம்) தானா பின்னுக்குப் போகும். அதனால இடைவெளி வச்சதுக்கு அப்புறம்தான் டைமிங் லைட் பிடிக்கணும். வரிசை மாறினா ரெண்டு வேலையும் மறுபடி செய்யணும். டிஸ்ட்ரிபியூட்டர்ல ஒட்டியிருக்கிற வேக்கம் டயாபிரத்தோட ஓஸைக் கழட்டி வாயால உறிஞ்சிப் பாருங்க. உள்ளே தட்டு நகரணும், நாக்கால அடைச்சா அப்படியே நிக்கணும். நிக்கலைன்னா டயாபிரம் கிழிஞ்சிருக்கு. டைமிங்கை முன்னுக்குத் தள்ற அட்வான்ஸும் போச்சு, அது வழியா மேனிஃபோல்டுக்குக் (கலவை எஞ்சினுக்குள்ள போற குழாய்) காத்தும் போகுது.

அடுத்து வேக்கம் கேஜ். இதை மேனிஃபோல்டுல மாட்டினா பாதி நோய் தெரிஞ்சிடும். கடல் மட்டத்துல நல்ல எஞ்சின் ஐடிலிங்ல 17 – 21 அங்குலம் (பாதரசக் கணக்கு) காட்டும். 300 மீட்டர் ஏறினா சுமார் ஒரு அங்குலம் குறையும், அதனால கோயமுத்தூர்ல 16 – 19 சரி. முள் ஆடாம கீழேயே நின்னா காத்துக் கசிவு, இல்லைன்னா டைமிங் பின்னுக்கு இருக்கு. ஒரே தாளத்துல விழுந்து விழுந்து எழுந்தா வால்வு. 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு வைக்கும்போது கொஞ்சங்கொஞ்சமா இறங்கிட்டே போனா சைலன்சர் பக்கம் அடைப்பு. இதை ஏன் சொல்றேன்னா, 1995லிருந்து சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல வித்த புது பெட்ரோல் கார்கள்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்துடுச்சு. உங்க வண்டி முதல்ல சென்னையில பதிவானதா இருந்தா கார்புரேட்டரும் கன்வெர்ட்டரும் சேர்ந்தே இருக்கும். வருஷக்கணக்கா ரிச்சா (கலவையில பெட்ரோல் அதிகமா) ஓடினா அது உருகி அடைச்சுக்கும். அப்ப மலையில இழுக்காது, பழி கார்புரேட்டர் மேல விழும்.

கசிவு தேட, ஐடிலிங்ல விட்டு கார்ப் கிளீனரைக் குட்டிக் குட்டியா அடிங்க: கார்புரேட்டருக்குக் கீழே இருக்கிற கறுப்பு பேக்லைட் இன்சுலேட்டர், அதோட ரெண்டு கேஸ்கெட், மேனிஃபோல்டும் ஹெட்டும் சேர்ற இடம், பிசிவி ஓஸ் (எஞ்சின் அடியில சேர்ற ஆவியை மறுபடி உள்ளே இழுக்கிறது), த்ராட்டில் ஷாஃப்ட்டோட ரெண்டு முனை. எங்க அடிக்கும்போது ஆர்பிஎம் மாறுதோ அங்க கசிவு. சூடான எக்ஸாஸ்ட் மேல, டிஸ்ட்ரிபியூட்டர் மேல படக் கூடாது. பக்கத்துல தீயணைப்பான் இருக்கணும்.

மூணாவது பெட்ரோல் பக்கம். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க. பெட்ரோல் வாசம் அடிச்சா மெக்கானிக்கல் பம்போட டயாபிரம் கிழிஞ்சு பெட்ரோல் சம்ப்புக்குள்ள (ஆயில் தொட்டி) இறங்குது. அந்த ஆவியை பிசிவி மறுபடி எஞ்சினுக்குள்ள இழுக்கும், நீங்க மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கிறது) எவ்வளவு மூடினாலும் புகை குறையாது. அப்புறம் கார்புரேட்டர்ல பெட்ரோல் தங்குற மிதவை அறைக் கண்ணாடியில பெட்ரோல் மட்டம் நடு வட்டக் குறிக்குள்ள இருக்கணும். மேல நின்னா ஊசி வால்வு தேஞ்சிருக்கு.

திணறலுக்கு ஒரு சின்ன சோதனை: எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டர் மூடியைக் கழட்டி, த்ராட்டிலைக் கையால இழுங்க. தொண்டைக்குள்ள பெட்ரோல் பலமா, உடனே பீய்ச்சணும். ஒழுகினா, தாமதமா வந்தா ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாபிரம் போச்சு. சோக் முழுசா உள்ளே தள்ளினதுக்கு அப்புறம் சோக் தகடு நேரா நிமிர்ந்து நிக்குதான்னும் அப்பவே பார்த்துடுங்க. கேபிள் இறுகி தகடு கால்வாசி மூடியே ஓடுற வண்டி நிறைய.

செலவு பண்றதுக்கு முன்னாடி கம்ப்ரஷனும் ஒரு தடவை. சூடான எஞ்சின், த்ராட்டில் முழுசா திறந்து, மூணு சிலிண்டரும். ஒண்ணுக்கொண்ணு 10 – 15%க்கு மேல வித்தியாசம் வந்தா இந்தப் பேச்சே வேற.

வயர்_ஹார்னஸ்

எம்பிஎஃப்ஐ மாற்றம் செய்ய முடியாத வேலை கிடையாது. 2000ல் மாருதியே 800க்கு எம்பிஎஃப்ஐ கொண்டுவந்தது. ஆனால் "மொத்த செட்" என்று சொல்பவர் அந்த மொத்தத்தில் எதையெல்லாம் சேர்க்கிறார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் வண்டி பாதி வழியில் நிற்கும்:

இன்டேக் மேனிஃபோல்டு, த்ராட்டில் பாடி, ஐடில் கன்ட்ரோல் வால்வு. இன்ஜெக்டர், ரெயில், பிரஷர் ரெகுலேட்டர். ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்), அதற்கே உரிய முழு வயரிங். மேனிஃபோல்டு பிரஷர், காற்று வெப்பம், கூலன்ட் வெப்பம், த்ராட்டில் நிலை, எஞ்சின் சுழற்சி ஆகியவற்றுக்கான சென்சார்கள். ஆக்ஸிஜன் சென்சார் பொருத்தும் இடம் உள்ள எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. உள்ளேயே பம்ப் இருக்கும் டேங்க். உயர் அழுத்த ஃபில்டர், குழாய்கள், பம்ப் ரிலே. பழைய மெக்கானிக்கல் பம்ப் இருந்த துளையை மூடும் தகடும் வேண்டும்.

வயரிங்கை வெட்டி எடுத்துவந்தால் வாங்காதீர்கள். கனெக்டர், கிரவுண்ட் முனை, ரிலே பெட்டி எல்லாம் அப்படியே முழுதாகக் கழற்றியது வேண்டும். மாற்றம் செய்த வண்டிகளில் திடீரென எஞ்சின் அணைவது, மழையில் மட்டும் மிஸ்ஸிங் வருவது போன்ற தொல்லைகளுக்கு முறுக்கி டேப் சுற்றிய இணைப்பும் துருப்பிடித்த கிரவுண்டும்தான் பெரும்பாலும் காரணம். டோனர் வண்டியில் (பாகங்களைக் கழற்றி எடுக்கும் பழைய வண்டி) இம்மொபைலைசர் எனும் திருட்டுத் தடுப்பு இருந்திருந்தால் ஈசியூ, சாவி, சாவியைப் படிக்கும் பாகம் மூன்றும் ஜோடியாக வர வேண்டும். இல்லாவிட்டால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

டேங்க் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கார்புரேட்டருக்கு வரும் அழுத்தம் 0.2 – 0.3 பார். இன்ஜெக்டருக்குச் சுமார் 3 பார், அதாவது பத்து மடங்கு. பழைய ரப்பர் ஓஸும் திருகு கிளிப்பும் அதைத் தாங்காது. எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்ட ஓஸ், இன்ஜெக்‌ஷனுக்கான கிளாம்ப் மட்டுமே. பழைய டேங்கையே வைத்துக்கொண்டு வெளியில் பம்ப் மாட்டினால் டேங்குக்குள் தடுப்புத் தட்டு இல்லாத குறை மலை வளைவில் தெரியும். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது கொண்டை ஊசியில் அது ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், எஞ்சின் சரியாக நீங்கள் மிதிக்கும் நேரத்தில் வெட்டும். இடையில் ஒரு லிட்டர் சர்ஜ் டேங்க் வைத்தால் தீரும், ஆனால் அது இன்னொரு பம்ப், இன்னொரு கசியும் இடம். டேங்க் துருவும் சேர்ந்துவந்து இன்ஜெக்டரை அடைக்கும்.

வேறு காரின் இன்ஜெக்டரும் தனியாக விற்கும் ஈசியூவும் போட்டுத் தருகிறேன் என்பவருக்கு ஒரு கணக்கு. இந்த எஞ்சின் 37 குதிரைத்திறன். முழு த்ராட்டிலில் மணிக்குச் சுமார் 8.4 கிலோ பெட்ரோல், அதாவது நிமிடத்துக்கு 190 மில்லி. மூன்றாகப் பிரித்து, இன்ஜெக்டர் 80% நேரமே திறந்திருக்கும் என்று வைத்தால் ஒன்றுக்கு 80 மில்லி, இ20க்கு 85. பெரிய காரின் 200 மில்லி இன்ஜெக்டரைப் போட்டால் ஐடிலிங்கில் அது மிகக் குறைந்த நேரமே திறக்க வேண்டியிருக்கும். அந்த அளவில் அதன் துல்லியம் போய்விடும், ஐடிலிங் எகிறி எகிறி இறங்கும்.

ஆவணப் பக்கம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 உற்பத்தியாளர் தந்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. எஞ்சினே மாறுகிறது என்றால் முன்கூட்டியே ஆர்டிஓ அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்த மாற்றம் ஆர்சி புதுப்பிப்பிலும் விபத்துக் காப்பீட்டிலும் சிக்கலாகும்.

என் கருத்து: முழு டோனர் வண்டி கையில் இருந்து, வயரிங் தெரிந்தவர் செய்தால் மட்டும் யோசிக்கலாம். இல்லையென்றால் எம்பிஎஃப்ஐ வேண்டும் என்பவர் எம்பிஎஃப்ஐ 800ஐயே வாங்குவது மலிவு.

பெட்ரோல்ஹெட்_கோவை

எதுக்கு இவ்வளவு யோசனை? ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிற வண்டி தானா கலவையைத் திருத்திக்கும். மலையில கார்புரேட்டர் மூச்சு முட்டும், எம்பிஎஃப்ஐ பறக்கும். மாத்திடுங்க.

எரிகலவை

திருத்திக்கொள்ளும் என்பது சரி. பறக்கும் என்பது தவறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கோவை சுமார் 410 மீட்டர், கோத்தகிரி சுமார் 1800 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 13% குறைகிறது. சிலிண்டருக்குள் போகும் ஆக்ஸிஜனும் அதே அளவு குறையும், சக்தியும் குறையும். 37 குதிரைத்திறனில் ஐந்து மேலே போகும்போது கழன்றுவிடும். இதை எந்த இன்ஜெக்‌ஷனும் மீட்காது, டர்போதான் மீட்கும். எம்பிஎஃப்ஐ செய்வது குறைந்த காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலையும் குறைப்பது மட்டுமே. கார்புரேட்டர் அப்படிக் குறைக்காது. வென்சூரி (கார்புரேட்டரின் குறுகிய தொண்டை) இழுக்கும் பெட்ரோல் அடர்த்தியின் வர்க்கமூலத்தோடு மட்டுமே குறைவதால் அதே 13%க்குக் கலவை சுமார் 7% ரிச்சாகும். மலை ஏறியதும் பிளக் கருப்பதும் ஐடிலிங் கனப்பதும் இதனால்தான்.

இ20 கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. தூய பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ10க்கு ஏறக்குறைய 14.1, இ20க்கு 13.5. எனவே பெட்ரோலுக்கென்று அளந்த ஜெட்டில் இ20 ஊற்றினால் கலவை 8% அளவுக்கு லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு மெயின் ஜெட்டைச் சற்று ஏற்றலாம். துளையின் விட்டம் 4% கூடினால் பரப்பு 8% கூடும், எனவே 100 எண் ஜெட்டுக்கு 102.5 அல்லது 105 போதும். ஆனால் வாரந்தோறும் கோத்தகிரி ஏறும் வண்டியில் மலையின் ரிச்சும் இ20இன் லீனும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஜெட்டைப் பெரிதாக்கினால் மேலே போனதும் மறுபடி 4% புகைக்கே வருவீர்கள். ஜெட்டைத் தொடாதீர்கள். கோவையில் குளிர் எஞ்சினில் லேசாகத் தயங்கினால் சோக்கை இன்னும் அரை நிமிடம் விட்டுவையுங்கள்.

இ20இல் கவனிக்க வேண்டியது ஜெட்டைவிட ரப்பர். 1997இன் ஓஸ், பம்ப் டயாபிரம், ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாபிரம் எல்லாம் எத்தனாலில் உப்பி, பிறகு காய்ந்து வெடிக்கும். ஊசி வால்வு வாங்கும்போது நுனி வைட்டான் ரப்பரா என்று கேளுங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் மிதவை அறைக்குள் துத்தநாகக் கலவை உலோகத்தில் வெள்ளைப் பொடி படியும், அதுதான் ஐடில் ஜெட்டை அடைக்கும். நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்கை நிரப்பி, மிதவை அறையைக் காலி செய்து நிறுத்துங்கள்.

ஓஸும் பம்பும் மாற்றுகிறவர்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் பம்புக்குப் பதிலாக எலக்ட்ரிக் பம்ப் போடும்போது இன்ஜெக்‌ஷன் காரின் பம்பை மாட்டிவிடுகிறார்கள். 3 பார் அழுத்தம் ஊசி வால்வைத் தள்ளித் திறந்துவிடும், கார்புரேட்டர் வழிந்து எக்ஸாஸ்ட் மேல் கொட்டும். வண்டி எரியும் வாய்ப்பு உண்டு. 0.3 பாருக்கு மிகாத பம்ப் மட்டுமே.

மலைவழி800

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சொன்ன வரிசையிலயே பார்த்தாச்சு. கம்ப்ரஷன் மூணும் கிட்டத்தட்ட ஒண்ணு. பாயின்ட் இடைவெளி 0.3 மிமீ. வேக்கம் 13.5 அங்குலம், முள் ஆடல, 2500ல பிடிச்சாலும் இறங்கல. இன்சுலேட்டர் ஓரத்துல ஸ்ப்ரே அடிச்சா ஆர்பிஎம் ஏறுது. ஷாஃப்ட் முனையில அடிச்சா மாறல. மிதவை அறையில மட்டம் வட்டத்துக்கு மேல. டிப்ஸ்டிக்ல லேசா பெட்ரோல் வாசம். ஆக்ஸிலரேட்டர் பம்ப் ஜெட் பலமா பீய்ச்சல, ஒழுகுது. இன்சுலேட்டர்ல காத்து கசிஞ்சா லீன்தானே ஆகணும், புகை எப்படி ரிச்சாச்சு?

ஜெட்_நம்பர்

நல்லாப் பார்த்திருக்கீங்க. புகைக்குக் காரணம் ரெண்டு மூணு சேர்ந்தது. இன்சுலேட்டர்ல காத்து புகுந்ததும் ஐடிலிங் ஆடியிருக்கும். அதை நிறுத்த யாரோ மிக்ஸ்சர் ஸ்க்ரூவை நல்லா வெளியே திறந்துவிட்டிருக்காங்க. கசிவை மூடாம ஸ்க்ரூவைத் திறக்கிறது ரொம்பப் பேர் செய்ற வேலை. அது மேல மிதவை மட்டம் கூட, அது மேல ஆயில்ல இருந்து வர்ற பெட்ரோல் ஆவி. ஷாஃப்ட் நல்லா இருக்கு, வால்வும் சைலன்சரும் நல்லா இருக்கு. கார்புரேட்டரையே வச்சுக்கலாம், யோசிக்கவே வேண்டாம்.

வாங்க வேண்டியது: புது மெக்கானிக்கல் பம்ப் அதோட கேஸ்கெட்டோட, கார்புரேட்டர் கிட் (ஊசி வால்வு, ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாபிரம், கேஸ்கெட் உள்ளது), பேக்லைட் இன்சுலேட்டர், பாயின்ட், கண்டென்சர், பெட்ரோல் ஃபில்டர், டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் இருக்கிற ரப்பர் ஓஸ் எல்லாம், எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர்.

வேலை வரிசை: பெட்ரோல் பம்ப் முதல்ல, அதோட ஆயில். பெட்ரோல் கலந்த ஆயில்ல ஒரு கிலோமீட்டர் கூட வேண்டாம், பேரிங் போயிடும். அப்புறம் கார்புரேட்டரை இறக்குங்க. இறக்கினதும் அடி ஃபிளாஞ்ச் மேல இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சம் தெரியுதா பாருங்க. நட்டை ஓவரா இறுக்கினதுல நாலு மூலையும் கீழே வளைஞ்சிருக்கும், புது இன்சுலேட்டர் போட்டாலும் மறுபடி கசியும். வளைஞ்சிருந்தா தடிமனான கண்ணாடி மேல எமரி ஷீட் ஒட்டி, எட்டு எழுதுற மாதிரி தேய்ச்சு மட்டம் பண்ணுங்க. மாட்டும்போது நட்டைக் குறுக்கு வரிசையில, கொஞ்சங்கொஞ்சமா இறுக்குங்க.

ஜெட்டுக்குள்ள கம்பி விடக் கூடாது. பித்தளை மெத்துனு இருக்கும், ஒரு கீறல் விழுந்தாலே அளவு மாறிடும். கிளீனர்ல ஊற வச்சு கம்ப்ரஸர் காத்து அடிச்சாப் போதும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழட்டி நுனியைப் பாருங்க, யாராவது முறுக்கி இறுக்கியிருந்தா நுனியில வளையம் விழுந்திருக்கும். அப்படி இருந்தா புதுசு போடணும், இல்லைன்னா ஐடிலிங் எப்பவும் ஒரு இடத்துல நிக்காது. கார்புரேட்டர்ல ஒயர் போற ஃபியூல் கட் சோலனாய்டு, சாவி போட்டதும் "டிக்"னு சத்தம் தரணும். தரலைன்னா 12 வோல்ட் வருதான்னு பார்த்துட்டு அப்புறம் சோலனாய்டைக் குறை சொல்லுங்க.

மாட்டினதும்: பாயின்ட் 0.45 மிமீ, பிறகு டைமிங், பிறகுதான் மிக்ஸ்சர். எஞ்சின் நல்லா சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடி நின்னதுக்கு அப்புறம் ஆரம்பிங்க. ஸ்க்ரூவை மெதுவா உள்ளே முட்ட விட்டு இரண்டரை சுத்து வெளியே எடுங்க. ஐடிலிங்கை 850 – 900ல வைங்க. ஸ்க்ரூவைக் கால் கால் சுத்தா திருகி, வேக்கம் எங்க உச்சமா நிக்குதோ அங்க நிறுத்தி, பிறகு ஆர்பிஎம் 50 இறங்குற வரைக்கும் உள்ளே மூடுங்க. இந்த இடம் பெரும்பாலும் 1.5%க்குப் பக்கத்துல விழும். புகை மெஷின் இருக்கிற இடத்துல வச்சே கடைசி அரைக்கால் சுத்தைச் சரி பண்ணிக்கங்க.

கோத்தகிரி ஒரு தடவை ஏறிட்டு, மேலே போனதும் ஐடிலிங்ல விடாம எஞ்சினை நிறுத்தி, பிளக் ஆறினதும் கழட்டிப் பாருங்க. காபித்தூள் நிறம் இருந்தா சரி. கரி படிஞ்சிருந்தா மிதவை மட்டத்தை மறுபடி பாருங்க. வெள்ளையா, கண்ணாடி மாதிரி இருந்தா எங்கயோ இன்னும் காத்து புகுது. கார்புரேட்டர் நட்டையும் பாயின்ட் இடைவெளியையும் 500 கிமீ ஓடினதும் ஒரு தடவை பார்த்துடுங்க. புது கேஸ்கெட் அமுங்கும், புது ஃபைபரும் முதல்ல கொஞ்சம் தேயும்.